தறிப்பட்டறைக் காயமும் ஆய்வுக் கட்டுரையும்

நேயர்களுக்கு வணக்கம்.

எம்.எஸ். அறுவைச் சிகிச்சைப் படிப்பு மூன்று ஆண்டு. ஓ.பி., தியேட்டர், நைட் டூட்டி எல்லாவற்றுக்கும் நடுவில் ஆய்வேடும் முடித்தாக வேண்டும். மருத்துவ ஆய்விதழில் கட்டுரை வெளியிடு என்ற நெருக்கடி வேறு. "நோயாளியைப் பார்க்கவே நேரமில்லை, இதில் கட்டுரை எதற்கு சார்?" என்று பி.ஜி. மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

எதற்கு என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2006-ல் கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் ராஜசேகரன் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. எலும்பு முறிந்து, தோல் கிழிந்து வருகிற காலைக் காப்பாற்றுவதா, எடுத்துவிடுவதா? இதை முடிவு செய்ய அவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தலா 5 மதிப்பெண் வரை; காயம் மோசமானால் மதிப்பெண் கூடும். சர்க்கரை நோய், முதுமை போன்றவை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 2. கூட்டினால் 14-க்குள் வந்தால் காப்பாற்றப் பார்க்கலாம், 17-ஐத் தொட்டால் எடுப்பதுதான் பெரும்பாலும் நல்லது. இடைப்பட்டதை மருத்துவரின் அனுபவம்தான் முடிவு செய்யும். கோவைக்கு வந்த காயங்களில் பிறந்த இந்தக் கணக்கை இன்று வெளிநாட்டு மருத்துவர்களும் எடுத்தாள்கிறார்கள்.

ஆகவே ஆய்வுத் தலைப்புக்கு எங்கும் அலைய வேண்டாம். பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறியில் விரல் சிக்கி வருகிறவர்கள், பொள்ளாச்சியில் தென்னையிலிருந்து விழுகிறவர்கள் எல்லாம் நம் வார்டில்தானே படுத்திருக்கிறார்கள்! நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வு முறையானதா என்று பார்க்கிற நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிட்டு, முதல் நோயாளியிலிருந்தே விவரங்களைக் குறித்துவையுங்கள்.

கஷ்டம் அதற்கப்புறம்தான். ஆறு மாதம் கழித்து கேஸ் ஷீட்டில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டால் பட்டறை மேஸ்திரி எடுப்பார். "அந்தப் பையன் திருப்பூர் போயிட்டானுங்களே" என்பார். அதனால் வீட்டார் எண்ணையும் சேர்த்து வாங்கிவையுங்கள். விரல் எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதோடு நிறுத்தாமல், அறுந்த இழையை முடிச்சுப் போட முடிகிறதா என்றும் கேளுங்கள். அவருக்குக் கூலி வருவது அந்த முடிச்சில்தான்.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போட்டுவிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்புகிற இதழ்களின் பக்கமே போகாதீர்கள். வேலை செய்யாதவர் பெயரைக் கட்டுரையில் சேர்ப்பதும் எனக்கு ஒப்பாது, அவர் துறைத் தலைவராகவே இருந்தாலும் சரி.

நேயர்களிடம் ஒன்று. ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் கழித்து ஓர் இளம் டாக்டர் கூப்பிட்டு, கை எப்படி இருக்கிறது என்று கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆய்வில் சேர விருப்பமில்லையென்றால் அதையும் தாராளமாகச் சொல்லலாம். அதற்காக உங்கள் சிகிச்சையில் எதுவும் குறையக் கூடாது என்பதுதான் விதி.