வம்புக்குப் பின்னால் ஒரு தொண்டை

நண்பர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 7 மிலான் நகரத்துக்குத் திருவிழா. ஊரின் காவல் புனிதர் அம்புரோசியாரின் நாள். அன்று மாலைதான் லா ஸ்காலா அரங்கில் ஓபரா, அதாவது பாட்டாலேயே நடக்கும் இசை நாடகத்தின், சீசன் தொடங்கும். 1951இலிருந்து இதுதான் வழக்கம். அரசுத் தலைவர்களில் யார் வந்தார்கள், யார் என்ன உடுத்தியிருந்தார், கடைசி நேரத்தில் யார் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டார், யாரைப் பார்த்து மேல்மாடத்தில் கூச்சல் போட்டார்கள் என்று மறுநாள் இத்தாலியப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதும்.

நானும் இதையெல்லாம் விடாமல் படிக்கிறவன்தான். படிக்கப் படிக்கத் தெரிந்தது, இந்த வம்புகளைத் துருவிக்கொண்டே போனால் அநேகமாக ஒரு மனிதரின் தொண்டையில் போய் முடிகிறது.

ஓபராவில் பாடகருக்கு மைக் கிடையாது. லா ஸ்காலாவில் ஏறத்தாழ 2,000 பேர் உட்காரலாம். மேடைக்கு முன்னால் பள்ளத்தில் எழுபது எண்பது வாத்தியங்கள். அத்தனையையும் தாண்டி ஆறாவது அடுக்கின் கடைசி இருக்கை வரை குரல் போக வேண்டும். வயலினில் தந்தி அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம். குரல்நாண் வீங்கினால் என்ன செய்வது?

2006ஆம் வருடம் லா ஸ்காலாவின் சீசன் இசையமைப்பாளர் வெர்தியின் ‘ஐடா’ ஓபராவோடு தொடங்கியது. கதாநாயகன் ராதமேஸாக ராபர்ட்டோ அலான்யா. இந்த வேடத்தில் ஒரு கொடுமை உண்டு. திரை உயர்ந்து சில நிமிடங்களிலேயே, தொண்டை இன்னும் சூடாகாத நிலையில், ‘செலெஸ்தே ஐடா’ என்ற பெரிய பாட்டைப் பாடியாக வேண்டும். அதன் கடைசி ஸ்வரம் உச்சியில் இருக்கிறது. அங்கே குரலை மெல்ல மெல்லத் தேய்த்து மறையவிடச் சொல்லி எழுதியிருக்கிறார் வெர்தி. உச்சியில் உரக்கப் பாடுவதைவிட மெதுவாகப் பாடுவதுதான் கஷ்டம். பெயர் பெற்ற பாடகர்கள் பலரும் அந்த இடத்தை உரக்கப் பாடித்தான் கடக்கிறார்கள்.

டிசம்பர் 10, இரண்டாவது காட்சி. அலான்யா பாட்டை முடித்தார். மேல்மாடத்திலிருந்து கூச்சலும் விசிலும் வந்தன. நம் ஊரில் விசில் பாராட்டு. இத்தாலியில் அது அவமானம். அவர் ஒரு கணம் நின்றார், கையை அசைத்தார், மேடையை விட்டுப் போய்விட்டார். இசை நிற்கவில்லை. இளவரசி அம்னெரிஸாக நடித்த பாடகி தனியாக நின்றுகொண்டிருக்கிறார். அவர் பேச வேண்டிய ஆளைக் காணோம். மாற்றுப் பாடகர் அந்தோனெல்லோ பலோம்பியை அப்படியே மேடைக்கு அனுப்பினார்கள். வேடம் போட நேரமில்லை. சுற்றிலும் பழைய எகிப்தின் பொன் அலங்காரம், நடுவில் அன்றாட உடையில் ஒரு மனிதர். வாத்தியக் குழுவை நடத்திய ரிக்கார்டோ ஷாயி கையை நிறுத்தவே இல்லை. பலோம்பியும் சரியான இடத்தில் பிடித்துப் பாடிவிட்டார்.

அலான்யா செய்தது சரியா? பாதியில் போகக் கூடாது என்பதுதான் என் எண்ணம். காசு கொடுத்து வந்தவர்களுக்கும் எதிரே நின்ற பாடகிக்கும் அது அநியாயம். ஆனால் கூச்சல் போட்டவர்களையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒருவர் உடம்பையே வாத்தியமாக்கி நம் முன்னால் வைக்கிறார். பிடிக்கவில்லையென்றால் கைதட்டாமல் இருக்கலாமே!

அப்புறம், பேர்போன ஓபரா பாடகி மரியா காலாஸ். 1958 ஜனவரி 2, ரோம் நகரில் சீசன் தொடக்கம். நார்மா ஓபரா. குடியரசுத் தலைவர் க்ரோங்கி அரங்கில் உட்கார்ந்திருக்கிறார். காலாஸுக்கு உடம்பு சரியில்லை, தொண்டை கட்டியிருந்தது. இரண்டு நாள் முன்புதான், டிசம்பர் 31 இரவு, அதே ஓபராவின் ‘காஸ்தா தீவா’வைத் தொலைக்காட்சியில் பாடியிருந்தார். முதல் அங்கத்தோடு குரல் கைவிட்டது. இனி முடியாது என்றார். அவருக்குப் பதிலாகப் பாட யாரையும் தயார் செய்து வைக்கவில்லை. காட்சி ரத்தானது. கோபத்தோடு ஜனங்கள் வெளியே நிற்க, அவர் அரங்கிலிருந்து ஹோட்டலுக்குப் போகும் சுரங்கப்பாதை வழியாக வெளியேறினார். ஜனாதிபதியை அவமதித்துவிட்டார், திமிர் பிடித்தவர் என்றார்கள். சளி பிடித்திருந்தது என்பதை நம்பத்தான் ஆளில்லை.

அந்த அரங்கம் மீதமிருந்த காட்சிகளில் அவரைப் பாடவிடவில்லை. அவர் வழக்குப் போட்டார். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் அவர் பக்கம்தான் தீர்ப்பு. அது வருவதற்குள், 1965இல் லண்டனில் பாடிய ‘தோஸ்கா’ ஓபராவோடு, அவர் ஓபரா மேடையை விட்டே விலகியிருந்தார்.