ஜிபேட்டுக்கு ஏன் ஆய்வு உதவித்தொகை இல்லை?

(தேசிய மருந்தியல் கல்வி நாளை ஒட்டி ஒரு மருந்தியல் கல்லூரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

மார்ச் 6, பேராசிரியர் மகாதேவ லால் ஷிராஃப் பிறந்த நாள். 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அவர் மருந்தியல் கல்வியைத் தொடங்கியபோது, மருந்து கலக்குபவருக்கு எதற்குப் பட்டப்படிப்பு என்று நினைத்த நாடு இது. அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டோம். அவர் தொடங்கிவைத்த படிப்பை முடித்தவர்கள் ஆராய்ச்சிக்குப் போக அரசு என்ன வழி வைத்திருக்கிறது என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பி.பார்ம் முடித்து, மருந்தியல் முதுநிலைப் படிப்புக்கான தேசியத் தேர்வான ஜிபேட்டில் தேறி எம்.பார்ம் சேரும் மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பத்தாண்டுகளுக்கு முன்பு நிர்ணயித்த தொகை இது. அதே காலத்தில் இளநிலை ஆய்வு உதவித்தொகை, அதாவது ஜே.ஆர்.எஃப்., 25,000 ரூபாயாக இருந்து 2019இல் 31,000 ஆகி, 2023இல் 37,000 ஆகிவிட்டது. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு உயர்த்திக் கொடுத்தது மிகவும் சரி. எம்.டெக் மாணவருக்கும் இன்னும் அதே 12,400தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எம்.டெக் மாணவர் சேர்க்கைக்கு எழுதிய கேட் என்ற தேசியத் தேர்வு அவரை முனைவர் பட்டம் வரை கூட்டிச்செல்கிறது. நம் மாணவர் எழுதிய ஜிபேட் பெரும்பாலும் எம்.பார்ம் வாசலோடு நின்றுவிடுகிறது. என் மனக்குறை இதில்தான்.

ஆய்வுத் திட்டங்களுக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களைப் பாருங்கள். ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் நடக்கும் நெட் தேர்வு, கேட் தேர்வு என்று பெயர் சொல்லி எழுதியிருப்பார்கள். ஜிபேட்டின் பெயரைத் தேட வேண்டும். 'மத்திய அரசுத் துறைகள் நடத்தும் தேசிய அளவிலான தேர்வு' என்ற வரியில் அதையும் அடக்கி ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. ஏற்காத இடங்களும் உண்டு. ஒரு மாணவியின் எதிர்காலம், அந்த அலுவலகத்தில் கோப்பைப் பார்ப்பவர் அந்த வரியை எப்படிப் படிக்கிறார் என்பதைப் பொறுத்து அமையலாமா?

2009 வரை கேட் தேர்விலேயே மருந்தியலுக்குத் தனித்தாள் இருந்தது. 2010இல் அதை எடுத்துவிட்டு ஜிபேட்டைக் கொண்டுவந்தார்கள். நமக்கென்று ஒரு தேர்வு வந்தது என்று அன்று மகிழ்ந்தோம். கேட்டுக்கு இருந்த மதிப்பும் சேர்ந்து வந்திருந்தால் மகிழ்ச்சி நிலைத்திருக்கும்.

"பி.பார்ம் படித்தவர் 55 சதவீத மதிப்பெண் வைத்திருந்தால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதலாமே, யார் தடுத்தார்கள்?" என்று கேட்பார்கள். எழுதலாம், உண்மை. ஆனால் சி.எஸ்.ஐ.ஆர். என்ற அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் அந்தத் தேர்வில் உள்ளவை வேதியியல், உயிரியல், இயற்பியல், கணிதம், புவி அறிவியல் என ஐந்து பாடங்கள். மருந்தியல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் பட்டியலிலும் இல்லை. ஆக, நான்காண்டுகள் மாத்திரை எப்படிக் கரைகிறது, உடலில் எவ்வளவு சேர்கிறது, எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று படித்தவர், அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, எம்.எஸ்சி. வேதியியல் படித்தவரோடு வேதியியலில் மோத வேண்டும். மோதி வென்றவர்கள் நம்மில் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். அவர்களைக் காட்டியே மற்றவர்களை மறுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்த நிலை ஏன் வந்தது? மருந்தியல் மாணவர் ஆய்வுக்கு வரக்கூடாது என்று யாரும் முடிவெடுத்ததாக நான் நினைக்கவில்லை. 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டமும் மருந்தியல் கவுன்சிலும் சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. ஜிபேட்டை முதலில் நடத்தியது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.; அது கல்வி அமைச்சகம். 2024 முதல் நடத்துவது மருத்துவ அறிவியலுக்கான தேசியத் தேர்வு வாரியம். அது மறுபடியும் சுகாதாரம். மருந்தியல் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான தேசிய நிறுவனங்களான நைப்பர்கள் ரசாயனம் மற்றும் உரத்துறை அமைச்சகத்திடம் உள்ளன. ஜே.ஆர்.எஃப். கொடுக்கும் சி.எஸ்.ஐ.ஆர். அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகத்தைச் சேர்ந்தது. நான்கு வீட்டுக்கும் சொந்தமான பிள்ளைக்கு எந்த வீட்டிலும் இலை போடவில்லை. 2020இல் உச்ச நீதிமன்றம், மருந்தியல் கல்வியில் இறுதி அதிகாரம் மருந்தியல் கவுன்சிலுக்கே என்று தீர்ப்பளித்தது. பாடத்திட்டம், அனுமதி பற்றிய குழப்பம் அதோடு தீர்ந்தது. ஆய்வுக்குப் பணம் எந்த அமைச்சகத்திலிருந்து வரும் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

2018 நிதிநிலை அறிக்கையில் பிரதமரின் ஆய்வு உதவித்தொகையை அறிவித்தபோது, ஆண்டுக்குச் சிறந்த 1,000 பி.டெக் மாணவர்கள் என்றார்கள். 2025இல் ஐந்தாண்டுகளில் 10,000 பேர், ஐ.ஐ.டி.க்களிலும் ஐ.ஐ.எஸ்சி.யிலும் என்றார்கள். நல்ல திட்டம். ஆனால் மருந்து ஆராய்ச்சிக்கென்றே நாடாளுமன்றம் சட்டம் இயற்றி உருவாக்கிய நைப்பர் அந்த அறிவிப்பில் எங்கே?

"பி.பார்ம் படித்தவர் மருந்துக்கடை வைப்பார், அவருக்கு எதற்கு ஆராய்ச்சி?" என்பவர்களுக்கு 2025ஐ நினைவுபடுத்துகிறேன். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். நம் மாநில ஆய்வகம் சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுக் கரைப்பான் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்ற அதே நஞ்சு. 2022இல் காம்பியாவில் குழந்தைகளைக் கொன்றதும் அதுதான்.

இதைக் கண்டுபிடிக்கும் முறைகள் இல்லாமல் இல்லை. கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமடோகிராபி துல்லியமாகச் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் சிறிய மருந்து ஆலைகளுக்கு எட்டுவதில்லை. கரைப்பான் பீப்பாய் லாரியிலிருந்து இறங்கும் இடத்திலேயே, சில நிமிடங்களில், சில நூறு ரூபாய்ச் செலவில் சோதித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும். இது மூன்று நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து செய்ய வேண்டிய ஆய்வு. சிரப்பில் சர்க்கரையும் நிறமியும் சேர்ந்தால் சோதனை எங்கே தவறும் என்று தெரிந்தவர் செய்ய வேண்டிய ஆய்வு. அதைச் செய்யக்கூடியவர்கள் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

நிலவேம்புக் குடிநீரையும் சொல்கிறேன். காய்ச்சல் காலத்தில் ஊரெல்லாம் கொடுக்கிறோம். ஒன்பது சரக்குகள். ஒவ்வொரு தயாரிப்பிலும் நிலவேம்பின் முக்கிய வேதிப்பொருளான ஆண்ட்ரோகிராபோலைடு ஒரே அளவில் இருக்கிறதா, காய்ச்சி எத்தனை மணி நேரம் வரை குடிக்கலாம், உடன் சாப்பிடும் ஆங்கில மருந்தோடு அது எப்படி நடந்துகொள்கிறது? மூலிகை மருந்தியல் படித்தவரின் வேலை இது. அவருக்கு உதவித்தொகை கிடைக்காவிட்டால், தனியார் நிறுவனத்தில் மருந்து விற்பனைப் பிரதிநிதியாகப் போய்விடுவார். போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டு வாடகை காத்திருக்காது.

என்ன செய்யச் சொல்கிறேன்? ஜே.ஆர்.எஃப். தகுதி விதியில் நெட், கேட் என்று எழுதியிருக்கும் இடத்தில் ஜிபேட் என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். புதிய தேர்வு வேண்டாம், புதிய துறையும் வேண்டாம். முதல் சில நூறு தரவரிசைக்குள் வருபவர்களுக்கு மட்டும் என்று வரம்பு வைத்தாலும் சம்மதம். பிரதமர் உதவித்தொகையில் நைப்பர்களையும் ஆய்வு நடக்கும் இடமாகச் சேர்க்க வேண்டும். 12,400ஐ உயர்த்த வேண்டும். அடுத்த முறை ஜே.ஆர்.எஃப். உயரும்போது இதுவும் கூடவே உயரும்படி விதி செய்ய வேண்டும். மாநில அரசு முனைவர் பட்டத்துக்குத் தரும் உதவித்தொகை ஆணைகளில் எம்.பார்ம் என்ற பெயரைத் தனியாக எழுத வேண்டும். 'அறிவியல் பட்டம்' என்று பொதுவாக எழுதினால் நம்மைத் தொழிற்கல்வி என்பார்கள். 'தொழில்நுட்பம்' என்றால் அறிவியல் என்பார்கள்.

இவற்றை ஒரு பக்க விண்ணப்பமாக எழுதி வாசலில் வைத்திருக்கிறோம். கையெழுத்துடன் உங்கள் ஜிபேட் தரவரிசையையும், எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பித்து என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். மறுப்புக் கடிதம் இருந்தால் நகலை இணையுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்கும்போது, அவர் கேள்வி நேரத்தில் எழுப்ப அந்தக் கடிதங்கள்தான் உதவும்.

நன்றி, வணக்கம்.