ஆந்த்ரே ஷூர்லே: காலி இடத்தைத் தேடி ஓடிய விங்கர்

[திரையில்: 2020 ஜூலை]

வணக்கம். 2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜெர்மனியின் ஆந்த்ரே ஷூர்லே தொழில்முறைக் கால்பந்திலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தபோது அவருக்கு வயது 29. உலகக் கோப்பையை வென்றவர். நாட்டுக்காக 57 ஆட்டங்களில் 22 கோல்கள் அடித்தவர். ஒரு க்ளப்பிலிருந்து இன்னொரு க்ளப்புக்கு அவர் விற்கப்பட்ட நான்கு முறையும் செய்திகளில் வெளியான தொகைகளைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 9 கோடி யூரோ வரும். இவ்வளவு விலை போன ஒரு விங்கர் (மைதானத்தின் ஓரங்களில் ஆடும் தாக்குதல் வீரர்), பெரும் காயம் எதுவும் இல்லாத நிலையில், முப்பது வயதைத் தொடுவதற்கு முன்பே ஏன் விலகினார் என்பதற்கு மனச்சோர்வு என்ற ஒற்றைப் பதில்தான் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர், அவரை வாங்கியவர்கள் அவரை எப்படிப்பட்டவர் என்று நினைத்து வாங்கினார்கள் என்ற இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தைப் பார்க்காமல் அந்தப் பதில் முழுமை பெறாது.

விங்கர்களில் இரண்டு வகை உண்டு. பந்தைக் காலில் வாங்கி, எதிரே நிற்பவரை ஏமாற்றிக் கடந்து போகிறவர்கள் ஒரு வகை. எடன் ஹசார்ட், ஆர்யன் ராபன் போன்றவர்களை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். பந்து இன்னும் வேறொருவர் காலில் இருக்கும்போதே தற்காப்பு வரிசைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தைக் கணித்து ஓடத் தொடங்குகிறவர்கள் இரண்டாவது வகை. ஷூர்லே பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர். வலது கால் ஆட்டக்காரரான அவர் இடது ஓரத்தில் நின்று, குறுக்காக உள்ளே வந்து, பெனால்டி பகுதியின் விளிம்பிலிருந்து பலமாக உதைப்பார். அந்த உதையை எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் உதைக்கும் இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தது, பந்து இல்லாத நேரத்தில் அவர் ஓடிய ஓட்டம்தான். இந்த வகை ஆட்டத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: ஓடுவதற்கு இடம் வேண்டும். எதிரணி முன்னேறி வந்து ஆடினாலோ, அதன் தற்காப்பு வீரர்கள் களைத்துப்போனாலோதான் அந்த இடம் கிடைக்கும். பத்துப் பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் நெருக்கி நின்றுவிட்டால் கிடைக்காது.

[திரையில்: மைன்ஸ், ப்ரூக்வெக் மைதானம்]

ஷூர்லே 1990 நவம்பர் 6 அன்று ரைன் நதிக்கரையில் உள்ள லுட்விக்ஸ்ஹாஃபன் நகரத்தில் பிறந்தார். 2006இல் அருகிலுள்ள மைன்ஸ் க்ளப்பின் இளையோர் பிரிவில் சேர்ந்தார்; 2009இல் அந்த 19 வயதுக்குட்பட்டோர் அணி ஜெர்மன் சாம்பியன் பட்டத்தை வென்றது. அதன் பயிற்சியாளர் தாமஸ் டூக்கெல். அதே ஆண்டு ஆகஸ்டில், பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்த நேரத்தில், மைன்ஸ் தன் முதன்மை அணியின் பயிற்சியாளரை நீக்கிவிட்டு டூக்கெலை அந்த இடத்தில் உட்கார வைத்தது. ஷூர்லேயின் முழு வாழ்க்கையையும் எடுத்துக்கொண்டால், இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் அவருக்கு வாய்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவருடைய பலமும் பலவீனமும் தெரிந்த ஒருவரே அவரை ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவுக்கு அழைத்துச் சென்றார்.

2010-11 பருவத்தில் மைன்ஸ் தன் முதல் ஏழு லீக் ஆட்டங்களையும் வென்றது. அவற்றில் ஒன்று மியூனிக்கில் பயர்ன் அணியையே 2-1 என்று வீழ்த்திய ஆட்டம். எதிராளி யார் என்பதைப் பொறுத்து வியூகத்தையும் ஆட்டக்காரர்களையும் மாற்றிக்கொண்டே இருந்த டூக்கெல், எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு முன்னேறும் தருணத்தில் நெருக்கிப் பிடித்துப் பறித்து, இரண்டு மூன்று தொடுதல்களில் கோலை நோக்கிப் பாயும் ஆட்டத்தை அமைத்திருந்தார். ஷூர்லேக்கு இதைவிடத் தோதான களம் இருக்க முடியாது. இருபது வயது இளைஞர் அந்தப் பருவத்தில் லீக்கில் 15 கோல்கள் அடித்தார். கோல் விழுந்ததும் அவரும் லூயிஸ் ஹோல்ட்பியும் ஆடம் சாலாயும் மூலைக்கொடி பக்கம் ஓடி, ஒரு ராக் இசைக்குழுவைப் போல நடித்துக் கொண்டாடிய காட்சி ஜெர்மனி முழுக்கப் பரவியது. பட்ஜெட் சிறியதான மைன்ஸ் ஐந்தாம் இடத்தில் முடித்தது.

அந்தப் பருவத்தின் நடுவில், 2010 நவம்பர் 17 அன்று, ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நடந்த நட்புறவு ஆட்டத்தில் அவர் தேசிய அணிக்காக முதல் முறை களமிறங்கினார். பயிற்சியாளர் யோவாகிம் லோவ் 78ஆவது நிமிடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு புதியவர்களை உள்ளே அனுப்பினார்: ஒருவர் ஷூர்லே, மற்றவர் மரியோ கோட்ஸே. கிழக்கும் மேற்கும் இணைந்த பிறகு பிறந்தவர்களில் ஜெர்மனிக்காக முதன்முதலில் ஆடியவர்கள் இந்த இருவர்தான். ஆட்டம் 0-0 என்று சப்பென்று முடிந்தது. அன்று இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அந்தப் பருவத்துக்குப் பிறகு இன்னொரு ஜெர்மன் க்ளப்பான லெவர்குசனில் கழிந்த இரண்டு ஆண்டுகளை விரைவாகவே கடந்துவிடலாம். நன்றாகத்தான் ஆடினார்; இரண்டாவது பருவத்தில் லீக்கில் 11 கோல்கள் அடித்தார். 2013 கோடையில் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பவுண்டுக்கு இங்கிலாந்தின் செல்சி அவரை வாங்கியது. அங்கே இடது ஓரம் ஹசார்டுக்கு எழுதி வைக்கப்பட்டிருந்தது. பயிற்சியாளர் ஜோஸே மொரின்ஹோ, கோல் அடிக்கும் ஆசையைவிடத் தற்காப்புக்குத் திரும்பி ஓடும் கடமையையே தன் விங்கர்களிடம் முதலில் எதிர்பார்ப்பவர். இருந்தும் இந்தக் காலத்தின் இரண்டு ஆட்டங்களைக் குறிப்பிட்டாக வேண்டும். 2014 மார்ச் 1 அன்று ஃபுல்ஹம் அணிக்கு எதிராக இரண்டாம் பாதியில் மட்டும் அவர் ஹாட்ரிக் அடித்தார். அடுத்த மாதம் பாரிஸ் அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், முதல் ஆட்டத்தை 1-3 என்று தோற்றிருந்த செல்சிக்கு, ஹசார்டின் காயம் ஆரம்பத்திலேயே பேரிடியாக வந்தது. அவருக்குப் பதிலாக வந்த ஷூர்லே முதல் கோலை அடித்தார். பின்னர் ஒரு முறை குறுக்குக் கம்பத்தையும் உதைத்து அதிர வைத்தார். இறுதியில் டெம்பா பா அடித்த கோலுடன், வெளியூர் கோல் விதிப்படி (இரு ஆட்டங்களின் மொத்தம் சமமானால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி) செல்சி அரையிறுதிக்குப் போனது. இங்கேயும் அவர் வெளியில் உட்கார்ந்திருந்து உள்ளே வந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

[திரையில்: பிரேசில், 2014]

அந்த உலகக் கோப்பையில் ஜெர்மனி ஆடிய ஏழு ஆட்டங்களில் ஷூர்லே ஆறில் பங்கேற்றார். ஆறிலும் மாற்று ஆட்டக்காரராகவே. மூன்று கோல்கள் அடித்தார். அல்ஜீரியாவுக்கு எதிரான இரண்டாம் சுற்றில், போர்ட்டோ அலெக்ரே மைதானத்தில், ஜெர்மனி திணறிக்கொண்டிருந்தது. இடைவேளையில் லோவ் கோட்ஸேவை வெளியே எடுத்து ஷூர்லேவை அனுப்பினார். கூடுதல் நேரத்தின் 92ஆவது நிமிடத்தில் தாமஸ் முல்லர் இடப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்து அவருக்குச் சற்றுப் பின்னால் வந்தது. ஓட்டத்தை நிறுத்தாமல் இடது குதிகாலால் தட்டி உள்ளே தள்ளினார். பிரேசிலை 7-1 என்று நொறுக்கிய அரையிறுதியில் கடைசி இரண்டு ஜெர்மன் கோல்களும் அவருடையவை. அவர் வந்தபோது 5-0 என்று ஆட்டம் முடிந்துபோயிருந்தது என்பது உண்மைதான். ஆனால் மேல்கம்பத்தின் அடிப்பகுதியில் மோதி உள்ளே விழுந்த ஏழாவது கோலின் உதையில் அலட்சியம் எதுவும் இல்லை.

ஜூலை 13, மரக்கானா மைதானம், அர்ஜென்டினாவுக்கு எதிரான இறுதி ஆட்டம். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் சமி கெதிராவுக்குக் காலில் கோளாறு ஏற்பட, நடுகளத்தில் இளைஞர் கிறிஸ்டோஃப் கிராமர் இறக்கப்பட்டார். ஒரு மோதலில் தலையில் அடிபட்ட கிராமர் தடுமாறியபடியே ஆடி, 31ஆவது நிமிடத்தில் வெளியேறினார். இந்த இடத்தில் லோவ் எடுத்த முடிவு முக்கியமானது. நடுகள வீரருக்குப் பதிலாக இன்னொரு நடுகள வீரரை அனுப்பாமல், மெசுட் ஓசிலை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்திவிட்டு, இடது ஓரத்தில் ஷூர்லேவை இறக்கினார். திட்டத்தில் இல்லாத ஒரு விபத்தால்தான் அவருக்கு அந்த இறுதி ஆட்டத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கிடைத்தது.

கூடுதல் நேரம் தொடங்கியதுமே அவர் அடித்த ஒரு பந்தை கோல்கீப்பர் ரோமெரோ தடுத்தார். பிறகு 113ஆவது நிமிடம். டோனி க்ரூஸ் இடப்பக்கம் தள்ளிய பந்தை வாங்கிய ஷூர்லே, ஓரக் கோட்டை ஒட்டி வேகமெடுத்தார். இரண்டு அர்ஜென்டினா வீரர்கள் அவரை நெருங்கினார்கள். வழக்கமாக அவர் செய்கிறபடி வலது காலுக்கு மாற்றி உள்ளே திரும்பியிருந்தால் அந்த இருவரிடமும் சிக்கியிருப்பார். அவர் திரும்பவில்லை. உடல் சமநிலை குலைந்துகொண்டிருந்த நிலையில், தனக்குப் பழக்கம் குறைந்த இடது காலாலேயே பந்தைத் தூக்கி உள்ளே அனுப்பினார். 88ஆவது நிமிடத்தில் க்ளோஸேவுக்குப் பதிலாக வந்திருந்த கோட்ஸே அதை மார்பில் தாங்கி, தரையில் விழுவதற்குள் இடது காலால் கோலுக்குள் செலுத்தினார். கோத்தன்பர்கில் ஒரே நிமிடத்தில் அறிமுகமான அதே இருவர்; இருவருமே மாற்று ஆட்டக்காரர்கள். நூறு நிமிடங்களுக்கு மேல் ஓடிய தற்காப்பு, ஓரத்தில் திறந்து கிடந்த வெளி, அதற்குள் நேராகப் பாயும் ஒரு விங்கர்: அவருடைய ஆட்டத்துக்குத் தேவையான எல்லாமே அந்த ஒரு ஓட்டத்தில் ஒன்று சேர்ந்திருந்தன.

[திரையில்: வுல்ஃப்ஸ்பர்க், டோர்ட்முண்ட்]

சிக்கல் இதற்குப் பின்னர்தான் தொடங்கியது. 2015 பிப்ரவரியில், 24 வயதில், ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் க்ளப் அவரை ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியது. அந்தப் பருவத்தில் செல்சிக்காக ஆடியிருந்த 14 லீக் ஆட்டங்களின் கணக்கில் பிரீமியர் லீக் பதக்கமும், மே மாதம் டோர்ட்முண்டை 3-1 என்று வென்றதில் ஜெர்மன் கோப்பையும் அவருக்குக் கிடைத்தன. பட்டங்களுக்குக் குறையில்லை. ஆனால் மூன்று கோடி யூரோ கொடுத்து வாங்கிய ஆட்டக்காரரை எந்த க்ளப்பும் 60ஆவது நிமிடத்தில் அனுப்புவதற்காக வாங்குவதில்லை. முதல் நிமிடத்திலிருந்து, ஒவ்வொரு வாரமும், நெருக்கி நிற்கும் சிறிய அணிகளுக்கு எதிராகவும் அவர்தான் பூட்டைத் திறக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அது ஹசார்ட் வகை விங்கரின் வேலை. அதே ஆண்டு கோடையில், அவருக்குத் தோதான நேரத்தில் பந்தை அனுப்பத் தெரிந்த கெவின் டி ப்ரூய்னவும் மான்செஸ்டர் சிட்டிக்குப் போய்விட்டார்.

2016இல் டோர்ட்முண்ட் அவரை ஏறத்தாழ 3 கோடி யூரோவுக்கு வாங்கியபோது பயிற்சியாளராக இருந்தவர் டூக்கெல். அதே கோடையில் கோட்ஸேவும் அங்கே திரும்பினார். பழைய மைன்ஸ் நாட்கள் திரும்பும் என்று பலரும் நம்பினார்கள். செப்டம்பரில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக 87ஆவது நிமிடத்தில் அவர் அடித்த கோலால் ஆட்டம் 2-2 என்று சமனானபோது அந்த நம்பிக்கை நியாயமாகவே தெரிந்தது. ஆனால் டோர்ட்முண்ட் மைன்ஸ் அல்ல. பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஆடும் பெரிய அணி அது. உஸ்மான் டெம்பெலே, கிறிஸ்டியன் புலிசிச், மார்கோ ரியூஸ் என்று ஓரங்களில் ஏற்கெனவே கூட்டம். டூக்கெல் 2017 மே மாதம் வெளியேற்றப்பட்டார். இரண்டு பருவங்களில் ஷூர்லே லீக்கில் அடித்த கோல்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இதற்கு நடுவே 2017 மார்ச்சில் பாக்கு நகரில் அஸர்பைஜானுக்கு எதிராக ஜெர்மனிக்காக இரண்டு கோல்கள் அடித்தார். அதுவே அவருடைய கடைசி சர்வதேச ஆட்டமாக அமைந்தது.

பிறகு ஃபுல்ஹமுக்கு இரவல். அந்த ஒரே பருவத்தில் மூன்று பயிற்சியாளர்கள் மாறினார்கள், அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. அதன் பிறகு மாஸ்கோவின் ஸ்பார்ட்டக்குக்கு இன்னொரு இரவல். 2020 ஜூலையில் டோர்ட்முண்டுடனான ஒப்பந்தம், இன்னும் ஓராண்டு மீதமிருக்கும்போதே, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு முறிக்கப்பட்டது. இரண்டு நாட்களில் டெர் ஷ்பீகல் இதழுக்கு அளித்த பேட்டியில் ஓய்வை அறிவித்தார். பள்ளங்கள் மேலும் மேலும் ஆழமாகிக்கொண்டே போயின, உச்சங்கள் குறைந்துகொண்டே வந்தன என்றும், இந்தத் தொழிலில் நிலைக்க ஒரு வேடத்தைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்றும், இனி கைத்தட்டல் தனக்குத் தேவையில்லை என்றும் அதில் சொன்னார்.

அவர் சொன்ன அந்த வேடத்தில், எப்போதும் தைரியமாகத் தோன்ற வேண்டும் என்ற ஓய்வறைக் கட்டாயம் மட்டுமல்ல, விலைச்சீட்டும் சேர்ந்தே இருந்தது என்பது என் கருத்து. ஒரு விங்கருடைய விலையைக் கூட்டுவது பெரும்பாலும் ஒரு தொடர், சில நேரங்களில் ஒரே ஒரு ஓட்டம். ஆனால் அந்த விலையை அவர் ஈடுகட்ட வேண்டியது நவம்பர் மாதச் சனிக்கிழமைகளில், பின்வாங்கி நிற்கும் அணிகளுக்கு எதிராக. கோட்ஸேவுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான் நேர்ந்தது. அவர் தொடர்ந்து ஆடத் தீர்மானித்தார். ஷூர்லேயோ, விலகிய பிறகு, கடும் குளிரில் மேல்சட்டை இல்லாமல் பனிமலை ஏறுவதிலும் நெடுந்தூர ஓட்டங்களிலும் இறங்கிவிட்டார். தேர்வாளர்களும் பயிற்சியாளர்களும் இல்லாத அந்த ஓட்டங்களின் படங்களைத் தன் சமூக வலைதளப் பக்கத்தில் அவ்வப்போது பகிர்கிறார்.