நேரமும் போச்சு, டைம் அவுட்டும் மிச்சம்: பேர்ஸ் தோல்வியில கோச் பங்கு எவ்வளவு, கேலப் பங்கு எவ்வளவு?

வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் லீக் NFLல ஆடற சிகாகோ பேர்ஸ் டீமோட 2024 சீசன் கணக்கு இது: 5 வெற்றி, 12 தோல்வி. முதல் ஆறு மேட்ச்ல நாலு ஜெயிச்ச டீம் இது. அதுக்கப்புறம் வரிசையா பத்து தோல்வி. கடைசி வாரம் கிரீன் பே மண்ணுல 24-22னு ஜெயிச்சாங்க, சந்தோஷம்தான். ஆனா அந்த ஒரு மேட்சால இந்தப் பத்தும் மறந்துடாது.

எல்லாரும் ரெண்டு கட்சியா நின்னு சண்டை போடறாங்க. "எல்லாம் கோச் ஈபர்ஃப்ளூஸ் தப்பு"ன்னு ஒரு கூட்டம், "கேலப் வில்லியம்ஸ் பந்தைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறான்"னு இன்னொரு கூட்டம். கேலப்தான் டீமோட குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி பாஸ் வீசறவன், அது அவனோட முதல் சீசன். ரெண்டு கட்சி சொல்றதுலயும் உண்மை இருக்கு. எது யார் தப்புன்னு பிரிச்சுப் பார்ப்போம்.

நவம்பர் 28, டெட்ராய்ட், தேங்க்ஸ்கிவிங் மேட்ச். அதை முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா கோச்சுக்கு வேலை போனது அதனாலதான். ஹாஃப் டைம்ல 16-0ன்னு பின்தங்கி இருந்தாங்க. செகண்ட் ஹாஃப்ல கேலப் மூணு டச்டவுன் பாஸ் போட்டான். ரெண்டு கீனன் ஆலனுக்கு, ஒண்ணு டி.ஜே. மூருக்கு. ஸ்கோர் 23-20, டெட்ராய்ட் முன்னிலை. பேர்ஸோட கடைசி டிரைவ், அதாவது பந்தை முன்னாடி நகர்த்துற கடைசி வாய்ப்பு, அவங்க சொந்த 1 யார்டு லைன்ல ஆரம்பிச்சு, டெட்ராய்ட்டோட 25 வரைக்கும் போயிட்டாங்க. அங்கிருந்து பந்தை உதைச்சு மூணு பாயின்ட் எடுக்கிற ஃபீல்ட் கோல்னா 43 யார்டு தூரம். எண்ட் ஸோன் 10 யார்டையும், பிளே தொடங்க பந்தைப் பின்னாடி கொடுக்கிற ஸ்னாப்புல போற 8 யார்டையும் கூட்டிக்கணும். கிக்கர் கைரோ சான்டோஸ் அடிக்கிற தூரம்தான். அடிச்சிருந்தா டை, ஓவர்டைம்.

அங்க ஒரு பெனால்டி, 10 யார்டு பின்னாடி. அடுத்த பிளேல டெட்ராய்ட்டோட ஸாடேரியஸ் ஸ்மித் கேலபை சாக் பண்ணிட்டான், அதாவது பாஸ் வீசறதுக்கு முன்னாடியே கீழே தள்ளிட்டான், இன்னொரு 6 யார்டு போச்சு. இப்போ பந்து 41ல, தேர்ட் அண்ட் 26, அதாவது நாலு முயற்சியில மூணாவது, இன்னும் 26 யார்டு வேணும். கடிகாரத்துல 30 விநாடிக்கு மேல இருக்கு. கையில ஒரு டைம் அவுட்டும் இருக்கு.

சாக் ஆனா கடிகாரம் நிக்காது, ஓடிக்கிட்டே இருக்கும். கீழே விழுந்தவங்க எழுந்திரிச்சு, பின்னாடி வந்து, லைன்ல நின்னு, பிளே கேட்டு, ஸ்னாப் எடுக்கணும். கோச்சோட திட்டம் என்னன்னு அவரே மேட்ச் முடிஞ்சதும் சொன்னாரு: சட்டுனு ஒரு பிளே ஓடி, மைதானத்துக்குள்ளயே பந்தைப் பிடிச்சு, அப்புறம் டைம் அவுட் எடுத்து, ஃபீல்ட் கோல் அடிக்கிறது. காகிதத்துல இது சரியான திட்டம்தான். ஆனா அந்த பிளே 18 விநாடிக்கு முன்னாடியே ஸ்னாப் ஆகணும். 18 தாண்டுச்சு, 15 தாண்டுச்சு, 12 தாண்டுச்சு, சைட்லைன்ல யாரும் கையைத் தூக்கல. 6 விநாடி இருக்கும்போதுதான் ஸ்னாப். கேலப் ரோம் ஒடூன்ஸேவுக்கு நீளமா ஒண்ணு வீசினான், கிடைக்கல, நேரம் முடிஞ்சது. மேட்ச் முடிஞ்சும் டைம் அவுட் அப்படியே இருக்கு. இன்னிங்ஸ் முடிஞ்சு போனப்புறம் ரிவியூ பாக்கி இருந்து என்ன பிரயோஜனம்?

சரியா பண்ணியிருந்தா எப்படி இருந்திருக்கும்? சாக் ஆன உடனே டைம் அவுட். எல்லாரும் சைட்லைன் வந்து ரெண்டு விஷயம் பேசிக்கலாம், ஒரு பிளேயும், அதுக்கப்புறம் ஃபீல்ட் கோல் யூனிட் எப்படி ஓடி வரணும்கிறதும். பிளே ஒரு 12, 13 யார்டு பாஸ். சைட்லைன் பக்கம் பிடிச்சு வெளியே போனா கடிகாரம் தானா நிக்கும். நடுவுல பிடிச்சாலும் 7 விநாடிதான் போகும், மிச்சம் 20க்கு மேல இருக்கும். ஓடுற கடிகாரத்துல கிக் யூனிட் உள்ள வந்து நின்னு அடிக்க சுமார் 15 விநாடி போதும்னு பொதுவா கணக்கு. இது எல்லா டீமும் பிராக்டிஸ்ல பண்றது. இங்க ஒண்ணு கவனிங்க: பாஸ் பிடிச்சதும் ஃபோர்த் டவுன் ஆயிடும், அதனால பந்தைத் தரையில அடிச்சு நேரத்தை நிறுத்துற ஸ்பைக் வழி கிடையாது. அதனாலதான் யோசிக்கிற நேரத்தை முதல்லயே வாங்கிடணும்.

இதுல கேலப் பங்கு உண்டா? உண்டு. களத்துல நிக்கிற எந்த பிளேயரும் டைம் அவுட் கேட்கலாம், அவனும் கேட்டிருக்கலாம். ஆனா அது ஒரு ரூக்கியோட, முதல் வருஷ ஆளோட, 12ஆவது மேட்ச். மூணு வருஷமா ஹெட் கோச்சா இருக்கிறவர் சைட்லைன்ல கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறப்போ, அந்தப் பழியை 23 வயசுப் பையன் மேல போடறதை நான் ஒத்துக்க மாட்டேன். மறுநாளே ஈபர்ஃப்ளூஸை எடுத்துட்டாங்க. 1920ல ஆரம்பிச்ச டீம், சீசன் நடுவுல ஹெட் கோச்சை நீக்கினது இதுதான் முதல் தடவை. மூணு வருஷத்துல அவர் கணக்கு 14 வெற்றி, 32 தோல்வி.

இது ஒருநாள் கோளாறும் இல்ல. அக்டோபர் 27, வாஷிங்டன். பேர்ஸ் 15-12ன்னு முன்னிலை. கடைசி ஹெயில் மேரிக்கு, அதாவது நேரம் முடியும்போது எண்ட் ஸோனை நோக்கி வீசற நீளமான பாஸுக்கு, முந்தின பிளேல டிஃபென்ஸ் ரொம்பத் தள்ளி நின்னு 13 யார்டு சும்மா விட்டுக்கொடுத்தாங்க. அந்த 13 யார்டு பெரிய விஷயமில்லைங்கிற மாதிரி கோச் பேசினாரு. எப்படிங்க பெரிய விஷயமில்லாம போகும்? 65 யார்டு போக வேண்டியவங்களுக்கு 52தான் மிச்சம். வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் கையே எட்டாத தூரத்தை எட்டுற தூரமா ஆக்கினது அந்த பிளேதான். அடுத்தது அவனை விரட்டிப் பிடிக்க மூணே பேரை அனுப்பினாங்க, டேனியல்ஸ் 12 விநாடிக்கு மேல பந்தை வச்சு ஓடிக்கிட்டே இருந்தான். பேர்ஸ் டிஃபென்ஸ் ஆள் டைரீக் ஸ்டீவன்சன் பிளே ஆரம்பிக்கும்போது ரசிகர்கள் பக்கம் திரும்பி கை காட்டிக்கிட்டு இருந்தான். அவன் வேலை வாஷிங்டனோட நோவா பிரவுனை முதுகால தடுத்து வைக்கிறது. லேட்டா வந்து குதிச்சு பந்தைத் தட்டினான், தட்டின பந்து பின்னாடி தனியா நின்ன பிரவுன் கைக்கே போச்சு, பேர்ஸ் தோத்தாங்க. ஸ்டீவன்சன் பண்ணது மன்னிக்க முடியாதது. ஆனா பிளேக்கு முன்னாடி ஆளுங்க இடத்துல நிக்கிறாங்களான்னு பார்க்கிறது யார் வேலை?

நவம்பர் 17, கிரீன் பேக்கு எதிரான மேட்ச். 20-19ன்னு ஒரு பாயின்ட் பின்தங்கி, எதிராளியோட 30 யார்டு பக்கம் பந்து, அரை நிமிஷத்துக்கு மேல நேரம், ஒரு டைம் அவுட். இன்னும் ஒரு 8 யார்டு எடுக்கலாம். எடுக்கல. 3 விநாடி வரைக்கும் ஓட விட்டு 46 யார்டு கிக். தூரம் கூடக் கூட கிக்கர் பந்தைத் தாழ்வா அடிக்கணும், தாழ்வா வந்தா நடுவுல தள்ளிக்கிட்டு வர்றவன் கைக்கு எட்டும். கிரீன் பேயோட கார்ல் புரூக்ஸ் தட்டிட்டான்.

சரி, இப்போ கேலப். 3,541 யார்டு, 20 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன் (எதிராளி பிடிச்ச பாஸ்). ரூக்கிக்கு இது நல்ல கணக்கு. ஆனா 68 சாக்! அந்த சீசன்ல லீக்லயே அதிகம். நியூ இங்கிலாந்துக்கு எதிரா ஒரே மேட்ச்ல 9. அந்த 19-3 தோல்விக்கு அப்புறம்தான் அஃபென்ஸ் பிளேக்களைப் பார்த்துக்கிற கோஆர்டினேட்டர் ஷேன் வால்ட்ரனை வேலையை விட்டு எடுத்தாங்க.

68ம் கேலபைப் பாதுகாக்க முன்னாடி நிக்கிற லைனோட தப்புன்னு சொல்றவங்க மேட்ச் டேப் பார்க்கிறதில்ல. அஞ்சு பேர் தடுக்க நிக்கிறாங்க, ஆறு பேர் வர்றாங்கன்னா ஒருத்தன் சும்மா வருவான், அது கணக்கு. அவன் எந்த இடத்தை விட்டு வந்தானோ அந்த இடத்துக்கு உடனே பந்து போகணும். அந்த சீசன்ல கேலப் அதைப் பண்ணாம பின்னாடியே நகர்ந்து, சுத்தி வெளியே ஓடப் பார்த்தான். காலேஜ்ல தப்பிச்சிடலாம். இங்க வர்ற டிஃபென்சிவ் எண்டும் அவன் அளவுக்கு வேகம். 4 யார்டு சாக் 10 யார்டு சாக் ஆகுது, செகண்ட் அண்ட் 20 ஆகுது, பிளே புக்ல பாதி அங்கயே செத்துப் போகுது. வரிசையா 353 பாஸ் இன்டர்செப்ஷன் இல்லாம வீசி ரூக்கி ரெக்கார்டு வச்சிருக்கான், அதைப் பாராட்டணும். அந்த ரெக்கார்டும் இந்த சாக்கும் ஒரே பழக்கத்துல இருந்து வர்றது. சந்தேகம் வந்தா வீச மாட்டான், பிடிச்சுப்பான்.

இந்தப் பழக்கம் மாறும், சொல்லிக்கொடுக்க ஒரே ஆள் தொடர்ந்து இருந்தா. இங்கதான் மேனேஜ்மென்ட் மேல எனக்கு உண்மையான கோபம். 2017ல டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் புது பிளேயர்களை வரிசையாத் தேர்ந்தெடுக்கிற இடத்துல, குவார்ட்டர்பேக் டிரூபிஸ்கியை எடுத்தாங்க, அந்த வருஷ முடிவுலயே கோச் ஜான் ஃபாக்ஸ் வெளியே. 2021ல ஜஸ்டின் ஃபீல்ட்ஸை எடுத்தாங்க, அந்த வருஷ முடிவுல கோச் மேட் நேகி வெளியே. 2024ல டிராஃப்டோட முதல் பிக் கையில இருந்துச்சு, வேலை போகுமோன்னு எல்லாரும் பேசின ஈபர்ஃப்ளூஸையே வச்சுக்கிட்டு கேலபை எடுத்தாங்க. மூணாவது தடவையும் அதே வரிசை. போற கோச் கையில புது குவார்ட்டர்பேக்கைக் கொடுக்கிறது, அடுத்த வருஷம் புது ஆள், புது பிளே புக், புது கால் அசைவு, எல்லாம் முதல்ல இருந்து.

அதனால 2025 ஜனவரியில ஜெனரல் மேனேஜர் ரயன் போல்ஸ் புது கோச்சுக்கு இன்டர்வியூ பண்ணினப்போ என் யோசனை இதுதான்: டிஃபென்ஸ் ஆளைத் தேட வேண்டாம். தானே பிளே கூப்பிடற அஃபென்ஸ் ஆள் வேணும். டிஃபென்ஸ் ஹெட் கோச்னா, கோஆர்டினேட்டர் நல்லா பண்ணினதும் வேற டீம் அவரை ஹெட் கோச்சா தூக்கிக்கும், கேலபுக்கு மறுபடியும் புது வாத்தியார். ரெண்டாவது, கடைசி ரெண்டு நிமிஷக் கணக்குக்குன்னே தனியா ஒருத்தரை ஹெட்செட்ல வைக்கணும். மூணாவது, 2025 ஏப்ரல் டிராஃப்ட்ல 10ஆவது பிக் இருந்துச்சு, செகண்ட் ரவுண்டுல ரெண்டு பிக் இருந்துச்சு. லைன்ல சென்டரும் ரெண்டு கார்டும், அந்த நடு மூணு இடத்தையும் ஃப்ரீ ஏஜென்சியிலயே, அதாவது ஒப்பந்தம் முடிஞ்ச பிளேயர்களை எடுக்கிற மார்ச்லயே, அனுபவஸ்தங்களை வச்சு நிரப்பியிருக்கணும். ரூக்கி கார்டு முதல் வருஷம் ஸ்டன்ட்டை, அதாவது டிஃபென்ஸ் ஆளுங்க குறுக்க இடம் மாறி வர்றதை, தடுக்கத் தடுமாறுவான், அதைக் கேலப் முன்னாடி நின்னு கத்துக்க வேண்டாம். டிராஃப்ட் பிக்கை லைன் ஓரத்துல நிக்கிற டாக்கிளுக்கு வச்சிருக்கணும். பிராக்ஸ்டன் ஜோன்ஸ் காலுடைஞ்சு சீசனை முடிச்சிருந்தான், லெஃப்ட் டாக்கிள் இடத்துக்கு செப்டம்பர்ல யாருன்னு அப்பவே பதில் இருந்திருக்கணும்.