தகப்பன் பெயர் எழுதாத கணக்குப் புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம். முன்னோர் ஒருவருக்குத் தகப்பன் யார் என்பதில் சந்தேகம் இருந்தால் என்ன செய்வது? இன்று யாரைக் கேட்டாலும், "டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும்" என்பார்கள். அவ்வளவு லேசாகத் தெரிந்துவிடாது. உலகம் அறிந்த ஒரு வழக்கை வைத்தே பேசுகிறேன்.

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன். மனிதர் எல்லோரும் சமம் என்று 1776 சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர். வர்ஜீனியா மாநிலத்தில் மாண்டிசெல்லோ என்ற அவருடைய பண்ணையில் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சாலி ஹெமிங்ஸ். ஜெஃபர்சனின் மாமனார் தம் அடிமைப் பெண் ஒருவரிடம் பெற்ற மகள். ஆக, ஜெஃபர்சனின் மனைவிக்குத் தகப்பன் வழித் தங்கை, முறைக்குக் கொழுந்தியாள். மனைவி 1782-இல் இறந்தார். ஜெஃபர்சன் பாரிஸில் தூதராக இருந்தபோது, 1787-இல், அவருடைய சின்ன மகளுக்குத் துணையாகச் சாலியைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அப்போது சாலிக்குப் பதினான்கு வயதிருக்கும். 1789-இல் எல்லோரும் ஊர் திரும்பினார்கள். அதன்பின் சாலிக்குப் பிறந்து, வளர்ந்து ஆளானவர்கள் நான்கு பேர்: பெவர்லி, ஹேரியட், மேடிசன், எஸ்டன்.

சாலியின் பிள்ளைகளுக்குத் தகப்பன் ஜெஃபர்சன்தான் என்று, மேடிசனும் எஸ்டனும் பிறப்பதற்கு முன்பே, 1802-இலேயே ரிச்மண்ட் நகரப் பத்திரிகை ஒன்று எழுதிவிட்டது. ஜெஃபர்சன் பகிரங்கமாக வாயே திறக்கவில்லை. ஆனால் அவர் ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருந்தார். யாருக்கு எத்தனை முழம் துணி, யாருக்குப் போர்வை, யாருக்கு எவ்வளவு மீன் என்று எல்லாம் அவர் கைப்படவே எழுதிய பண்ணைக் கணக்கு. அதில் சாலி பெயர் இருக்கிறது, பக்கத்தில் பிறந்த ஆண்டு 73. கீழே பிள்ளைகளின் பெயர்களும் அவர்கள் பிறந்த ஆண்டு, மாதமும். தகப்பன் பெயர் மட்டும் இல்லை.

அந்தத் தேதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெஃபர்சன் பாதி வாழ்க்கையை வெளியூரில் கழித்தவர். துணை ஜனாதிபதியாகப் பிலடெல்ஃபியாவில், ஜனாதிபதியாக வாஷிங்டனில். செலவுக் குறிப்பையும் கடிதங்களையும் வைத்து எந்த நாளில் எங்கே இருந்தார் என்று சொல்லிவிடலாம். வரலாற்றாசிரியர் வின்த்ரப் ஜோர்டன் 1968-இல் இரண்டையும் ஒட்டிப் பார்த்தார். சாலிக்குப் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்பது மாதம் முன்பு ஜெஃபர்சன் வீட்டில் இருந்திருக்கிறார். அவர் ஊரில் இல்லாத காலத்தில் சாலி கருத்தரிக்கவே இல்லை. ஒரு தடவை என்றால் தற்செயல் எனலாம். ஒவ்வொரு தடவையும் என்றால்?

இனி சாட்சி. மேடிசன் ஹெமிங்ஸ் 1873-இல் ஒஹாயோ மாநிலப் பத்திரிகை ஒன்றில் வெளிப்படையாகச் சொன்னார்: என் தகப்பனார் ஜெஃபர்சன், பிள்ளைகளுக்கு 21 வயதில் விடுதலை தருவதாகப் பாரிஸில் என் தாயாருக்கு வாக்குக் கொடுத்தார் என்று. பெவர்லியும் ஹேரியட்டும் 1822 வாக்கில் தடையின்றி வெளியேறினார்கள். மேடிசனுக்கும் எஸ்டனுக்கும் 1826-இல் உயிலில் விடுதலை. சொன்ன சொல்லும் நடந்த காரியமும் ஒத்துப்போகின்றன. 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மேடிசன் பெயருக்குப் பக்கத்தில், 'இவர் தாமஸ் ஜெஃபர்சனின் மகன்' என்று கணக்கெடுக்க வந்தவரே எழுதிவைத்திருக்கிறார்!

இருந்தும் நூறு வருஷத்துக்கு மேல் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் மேடிசனை நம்பவில்லை. ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் சொன்னதை நம்பினார்கள். தகப்பன் ஜெஃபர்சனின் தங்கை மகன் பீட்டர் கார் என்றார் பேரன். இல்லை, அவன் தம்பி சாமுவேல் என்றார் பேத்தி. ஒரே வீட்டில் வளர்ந்தவர்களே இரண்டு பேரைச் சொல்கிறார்கள். அதுவே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டாமா? அடிமையாகப் பிறந்தவன் சொன்னது வதந்தி, எஜமான் வீட்டார் சொன்னது ஆதாரம். எனக்கு இதில் வேறு விளக்கம் தெரியவில்லை. அனெட் கார்டன்-ரீட் என்ற சட்டப் பேராசிரியர் 1997-இல், டிஎன்ஏ முடிவு வருவதற்கு முன்பே, இந்த ஓரவஞ்சனையைப் பிட்டுப் பிட்டு வைத்தார்.

சோதனை வந்தது 1998-இல். ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோம் என்ற டிஎன்ஏ பகுதி தகப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு, அநேகமாக மாறாமல் போகும். நம் முறையில் சொன்னால், பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே ஒய். ஜெஃபர்சனுக்கு மனைவியிடம் பிறந்த ஆண்பிள்ளை தங்கவில்லை. அதனால் அவருடைய பெரியப்பா ஃபீல்ட் ஜெஃபர்சனின் ஆண்வழியில் வந்த ஐந்து பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். எஸ்டன் வழியில் ஒருவர். கார் சகோதரர்கள் ஜெஃபர்சனின் தங்கை மகன்கள். மருமகன் பங்காளி ஆகமாட்டான், அவர்கள் ஒய் வேறு. அவர்களுடைய தாத்தா வழியில் மூன்று பேர்.

எஸ்டன் வழி ஜெஃபர்சன் வழியோடு அச்சாகப் பொருந்தியது. அது அபூர்வமான வகை, தற்செயலாகப் பொருந்த வழியில்லை. கார் வழி பொருந்தவில்லை; பேரப்பிள்ளைகளின் கதை எஸ்டன் விஷயத்தில் அன்றோடு முடிந்தது.

ஆனால் இதே சோதனை இன்னொரு குடும்பத்தையும் கலக்கியது. தாமஸ் வுட்சன் என்பவரும் சாலிக்கு ஜெஃபர்சனிடம் பிறந்த மூத்த மகன் என்று அவர் சந்ததியார் தலைமுறை தலைமுறையாக உறுதியாகச் சொல்லி வந்தார்கள். ஐந்து பேரைச் சோதித்தார்கள். ஒருவருக்கும் பொருந்தவில்லை. எஸ்டன் வீட்டிலோ நேர்மாறு. அவர் 1852-இல் விஸ்கான்சின் போய், ஜெஃபர்சன் என்று பெயர் சேர்த்து, வெள்ளையராகவே வாழ்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்களுக்கு, நாம் ஜெஃபர்சனின் பெரியப்பா சித்தப்பா வழி என்று சொல்லி வளர்த்தார்கள். உறுதியாக நம்பியவர்களுக்கு இல்லை. மறைத்தவர்கள் வீட்டில் இருந்தது.

இப்போது கவனியுங்கள். பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே ஒய் என்றால், தகப்பன் ஜெஃபர்சனின் தம்பி ராண்டால்ஃபாகவும் இருக்கலாம் அல்லவா? இருக்கலாம். சோதனை அவ்வளவுதான் சொல்லும். ஆராய்ச்சி வெளியான இதழ் தலைப்பில் ஜெஃபர்சன்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டது. அந்தத் தலைப்பு தப்பான எண்ணத்தைத் தரும் என்று ஆய்வாளர்களே பிறகு எழுதினார்கள். எஸ்டன் பிறந்தது 1808 மே. 1807 ஆகஸ்டில் தம்பியை வரச்சொல்லி ஜெஃபர்சன் எழுதிய கடிதம் இருக்கிறது. தம்பி வந்தார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மற்றப் பிள்ளைகளின் தேதிகளுக்கும் அவரைப் பொருத்த எந்த ஆவணமும் இல்லை. டிஎன்ஏ கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டது. எந்த அறை என்று சொன்னது பழைய கணக்குப் புத்தகம். மாண்டிசெல்லோவை நடத்தும் அறக்கட்டளையும் 2000-இல் இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் ஜெஃபர்சன் பக்கம் முடிவு சொன்னது.

இடையில் ஒன்று. இப்போது கடையில் கிடைக்கும் டெஸ்ட் வேறு ரகம். அது தாய்வழி தகப்பன்வழி எல்லாவற்றையும் கலந்து பார்க்கும். தலைமுறைக்குப் பாதி பாதியாகக் குறைந்து, ஆறேழு தலைமுறைக்கு அப்பால் ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம். அதிலும் மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிய குடும்பமானால், தூரத்து உறவுகூட நெருங்கிய உறவு மாதிரி காட்டும். பத்திரம், பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு எதையும் பார்க்காமல் அதை மட்டும் நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள்.

மேடிசன் வழியில் ஆண்வாரிசு தொடரவில்லை. அவருடைய மகன் வில்லியம் கான்சஸ் மாநிலத்தில் லெவன்வொர்த் ராணுவ மயானத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார். எலும்பைத் தோண்டிச் சோதிக்கலாமா என்று கேட்டார்கள். குடும்பத்தார் சம்மதிக்கவில்லை. என்னைக் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பேன். மேடிசன் தம் பெயரைப் போட்டு, பத்திரிகையில், எல்லோரும் படிக்கச் சொன்ன விஷயம் அது. தவறு என்று நினைப்பவர்தான் இனி சான்று தேடிப் போகவேண்டும்.

நன்றி, வணக்கம்.