சியன்னா கத்தரீனாவின் உள்ளறை

நேயர்களுக்கு வணக்கம்.

கத்தோலிக்கப் புனிதர் கத்தரீனா இத்தாலியின் சியன்னா நகரில் 1347-இல் பிறந்தார். அப்பா ஜாக்கொமோ துணிக்குச் சாயம் போடுகிறவர். 25 பிள்ளைகள் பிறந்த வீடு அது. கத்தரீனாவின் இரட்டைச் சகோதரி பிழைக்கவில்லை. மறு ஆண்டே கொள்ளைநோய் வந்து ஊரைச் சூறையாடியது.

ஆறு வயதில் தமக்குக் கிறிஸ்துவின் காட்சி கிடைத்ததாகவும், ஏழு வயதில் கன்னிமை நேர்ந்துகொண்டதாகவும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வீட்டாருக்கு இது தெரியாது. வயது வந்ததும் கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். கத்தரீனா தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டார். அம்மா லாபாவுக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தனியாக இருந்து செபிக்க அவருக்கென்று அறையே கூடாது என்று பிடுங்கிக்கொண்டு, வீட்டு வேலை முழுவதையும் அவர் தலையில் கட்டினார்கள்.

அவர் எதிர்த்துப் பேசவில்லை. அப்பாவைக் கிறிஸ்துவாகவும், அம்மாவை மாதாவாகவும், அண்ணன்மாரைத் திருத்தூதர்களாகவும் மனத்தில் வைத்துக்கொண்டு சமைத்தார், பரிமாறினார், பெருக்கினார். யாராலும் பூட்ட முடியாத ஓர் அறையை உள்ளத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டார். அவருடைய பக்தி முழுவதற்கும் அடித்தளம் இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம். கடைசியில் அப்பாவே மனம் இரங்கி, இனி யாரும் அவளைத் தடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் தொமினிக்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். மடத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே தொமினிக்கன் துறவியரின் வழியில் நடப்பவர்களின் சபை அது. மூன்று ஆண்டுகள் வீட்டில் ஒரு சிற்றறையில் மௌனமும் செபமுமாகக் கழிந்தன. 21 வயதை ஒட்டி, கிறிஸ்து தமக்கு மோதிரம் அணிவித்த காட்சியைக் கண்டார். அதற்குப் பிறகு அந்த அறையிலேயே தங்கிவிடவில்லை, தெருவுக்கு வந்தார். மருத்துவமனையில் யாரும் தொடத் தயங்கிய நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். 1374-இல் கொள்ளைநோய் திரும்பியபோதும் ஊரை விட்டு நகரவில்லை.

ஒரு நிகழ்ச்சியைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மரண தண்டனை பெற்ற ஓர் இளைஞன் சிறையில் இருந்தான். பெருஜியாவைச் சேர்ந்த நிக்கொலோ என்று அவனை அடையாளம் காண்கிறார்கள். கத்தரீனா போய்ப் பேசினார். அவன் குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு நற்கருணை வாங்கினான். "என்னை விட்டுப் போகாதீர்கள்" என்று கெஞ்சினான். தண்டனை நாளில் அவனுக்கு முன்பே கொலைக்களத்துக்குப் போய், வெட்டுமரத்தில் தம் கழுத்தையே வைத்துப் பார்த்தார் கத்தரீனா. அவன் வந்தான், அவரைக் கண்டதும் சிரித்தான். அவன் கழுத்தைச் சரிசெய்தவரும் அவர்தான். "இயேசு", "கத்தரீனா" என்ற இரண்டு பெயர்கள் மட்டுமே அவன் வாயில் வந்தன. வெட்டுண்ட தலையைத் தம் கைகளில் ஏந்திக்கொண்டதாகத் தம் ஆன்மகுரு கப்புவா ரெய்மண்டுக்கு அவரே கடிதம் எழுதினார். காட்சி கண்டவர் என்று அவரைச் சொல்லும்போது இந்தக் கைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திருத்தந்தையர், அதாவது போப்பாண்டவர்கள், அப்போது ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாகப் பிரெஞ்சு நாட்டுப் பக்கம் அவிஞ்ஞோனில் இருந்தார்கள். 1376-இல் அங்கே போன இந்தச் சாயக்காரர் மகள், பதினோராம் கிரகோரியை "அப்பா" என்று உரிமையோடு அழைத்து, பயப்படாமல் உரோமைக்குத் திரும்புங்கள் என்று வற்புறுத்தினார். 1377 ஜனவரியில் கிரகோரி உரோமை வந்து சேர்ந்தார். கத்தரீனா ஒருவரால்தான் அது நடந்தது என்று சொன்னால் மிகை. திரும்பும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. தயங்கிய மனத்துக்குத் துணிவு தந்தது கத்தரீனாவின் குரல்.

ஆனால் 1378-இல் போட்டியாக இரண்டு திருத்தந்தையர் எழுந்து, திருச்சபை இரண்டாகப் பிளந்தது. கத்தரீனாவுக்கு அது தாங்க முடியாத வேதனை. ஒற்றுமைக்காக உரோமைக்கே போய்த் தங்கி மன்றாடினார். உடல் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. அவருடைய கடும் உபவாசத்தை யாரும் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், சாப்பிடச் சொல்லி அன்று உடனிருந்தவர்களே மன்றாடினார்கள். 1380 ஏப்ரல் 29 அன்று, 33 வயதில் இறந்தார்.

பள்ளிக்கூடம் போகாதவர். பெரும்பாலும் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய சுமார் 380 கடிதங்களும், 'உரையாடல்' என்ற நூலும் அவருடையவை. 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக, அதாவது திருச்சபைக்கே போதிக்கும் ஆசிரியர்களில் ஒருவராக, அறிவித்தார். படிக்க விரும்புகிறவர்கள் கடிதங்களிலிருந்து தொடங்குங்கள். அரசிக்கும் கைதிக்கும் அவர் எழுதியதில் தொனி ஒன்றுதான். நன்றி, வணக்கம்.