"பழகிடுச்சு" என்கிற வார்த்தை

நேயர்களுக்கு வணக்கம்.

மனநல ஆலோசகராக என் அறையில் நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு பெண்மணி முதல் தடவையாக என்னைப் பார்க்க வந்திருந்தார். சாயங்கால நேரம். ஜன்னல் வழியாக வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவ்வப்போது கையை நெற்றிக்கு மேல் வைத்து மறைத்துக்கொண்டு, அரை மணி நேரம் பேசினார். அவர் உட்கார்ந்திருந்தது சக்கரம் வைத்த நாற்காலி. ஓர் அடி தள்ளினால் நிழல். எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. "கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்களேன்" என்றேன். "இருக்கட்டும் மேடம், பழகிடுச்சு" என்றார்.

அந்த அறைக்கே அன்றுதான் முதல் தடவை வருகிறார். அந்த வெயில் எப்படிப் பழகியிருக்கும்? அவருக்குப் பழகியிருந்தது வேறு. வருடக்கணக்காக அவர் வீட்டில் அவர் சொன்ன எதுவும் எடுபட்டதில்லை. ஆரம்பத்தில் சண்டை போட்டிருக்கிறார், கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார், கெஞ்சியும் பார்த்திருக்கிறார். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார். கேமில் வார்ட்மன், ஜாக் பிரெம் என்ற இரு உளவியலாளர்கள் 1975-இல் எழுதியது இதைத்தான். கையில் இருந்த சுதந்திரம் பறிபோகும்போது மனிதர் முதலில் முரண்டு பிடிப்பார்; என்ன செய்தும் பலனில்லை என்று திரும்பத் திரும்பக் கண்டபிறகுதான் ஓய்ந்துபோவார். ஓய்ந்த பிறகு பார்க்கிறவர்களுக்கு அந்த முந்தைய போராட்டம் தெரிவதில்லை. 'இவள் எப்பவுமே இப்படித்தான்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

இந்த நிலைக்கு உளவியலில் 'கற்றுக்கொண்ட இயலாமை' என்று பெயர். 1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து வந்த பெயர் இது. சோதனை கொடுமையானது, படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஒரு நாய்க்கு மின் அதிர்ச்சி வரும். தலையால் ஒரு பலகையைத் தள்ளினால் நிற்கும். இன்னொரு நாய்க்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரம். ஆனால் அது என்ன செய்தாலும் நிற்காது. தானாக நிற்கும்போதுதான் நிற்கும். வலி இரண்டுக்கும் ஒன்றே. மறுநாள் இரண்டையும் வேறொரு பெட்டியில் விட்டார்கள். நடுவில் ஒரு தடுப்பு; தாண்டிக் குதித்தால் தப்பிக்கலாம். முதல் வகை நாய்கள் சட்டென்று கற்றுக்கொண்டு தாண்டின. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை படுத்து முனகிக்கொண்டு வலியை வாங்கிக்கொண்டன. ஆக, அவற்றை முடக்கியது வலி அல்ல. 'நான் என்ன செய்தாலும் ஒன்றுதான்' என்ற அனுபவம்.

மனிதர்களிடமும் இதைப் பார்த்தார்கள், அதிர்ச்சிக்குப் பதிலாக இரைச்சலை வைத்து. அதில் என் மனதில் தங்கிய ஒன்று டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் செய்த ஆய்வு. காதைத் துளைக்கும் சத்தத்தில் இரண்டு குழுவினர் வேலை செய்தார்கள். ஒரு குழுவிடம் மட்டும், "இந்தப் பொத்தானை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும், ஆனால் முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள்" என்றார்கள். பெரும்பாலானவர்கள் அழுத்தவே இல்லை. இருந்தும், பிறகு கொடுத்த கடினமான புதிர்களில் அவர்கள்தான் அதிக நேரம் விடாமல் முயன்றார்கள். பிழை திருத்தும் வேலையில் குறைவாகத் தவறவிட்டார்கள். தொடாத பொத்தான், பக்கத்தில் இருந்ததே போதுமானதாக இருந்தது.

சரி, இந்த இயலாமையை உண்மையிலேயே 'கற்றுக்கொள்கிறோமா'? சுமார் ஐம்பது வருடம் கழித்து, 2016-இல், அதே மேயரும் செலிக்மனும் தங்கள் பழைய விளக்கத்தைத் தாங்களே திருத்தினார்கள். எலிகளின் மூளையை ஆராய்ந்ததில் தெரிந்தது இது: நீண்ட நேரம் தொடரும் துன்பத்தில் முடங்கிப்போவதுதான் உடம்பின் இயல்பான எதிர்வினை. மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறிய நரம்பணுத் தொகுதி செரோடோனின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து அந்த முடக்கத்தைக் கொண்டுவருகிறது. 'இது என் கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்று நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை கண்டுகொண்டால், அது அந்தத் தொகுதியை அடக்குகிறது. அதாவது, கற்றுக்கொள்ள வேண்டியது இயலாமையை அல்ல, 'என்னால் ஏதோ ஆகும்' என்பதை.

நான் இதை முக்கியமாக நினைக்கக் காரணம், 'உனக்குத் தன்னம்பிக்கை இல்லை, சோம்பேறி, கோழை' என்று ஒருவரை நாம் திட்டும்போது, அவர் உடம்பு தன் இயல்புப்படி செய்ததற்காகத் திட்டுகிறோம். அவருக்குக் கிடைக்காமல் போனது, தான் செய்தது பலிக்கிற அனுபவம். அதை வெறும் பேச்சால் கொடுத்துவிட முடியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா மௌனமும் இயலாமை அல்ல. அடிவாங்கும் பெண்கள் ஏன் வீட்டைவிட்டு வருவதில்லை என்ற கேள்விக்கு இந்தக் கோட்பாட்டைப் பதிலாகச் சொன்ன காலம் உண்டு. 1988-இல் எட்வர்ட் கோண்டால்ஃப், எலன் ஃபிஷர் இருவரும் டெக்சஸ் மாநிலக் காப்பகங்களுக்கு வந்த 6,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து இதை மறுத்தார்கள். அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை, மறுபடி மறுபடி கதவுகளைத் தட்டியிருக்கிறார்கள். திறக்க வேண்டியவர்கள்தான் திறக்கவில்லை என்பது அவர்கள் வாதம். கதவு நிஜமாகவே பூட்டியிருக்கும்போது "மனசை மாத்திக்கோ" என்று உபதேசம் செய்வது அநியாயம். முதலில் பூட்டைப் பார்க்க வேண்டும்.

பூட்டு திறந்த பிறகும் ஒருவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தால்? அந்த நாய்களிடம் இதையும் பார்த்தார்கள். தடுப்பையே எடுத்துவிட்டு மறுபக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். உணவைப் போட்டார்கள். நாய் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி மறுபக்கத்துக்கு இழுத்துக் கொண்டுபோனார்கள். ஒன்றிரண்டு தடவையில் நடக்கவில்லை; பத்து, இருபது தடவை தாண்டியும் இழுக்க வேண்டியிருந்தது. முதலில் நாயின் முழுப் பாரமும் கயிற்றில் இருந்தது. போகப் போக, இழுக்க வேண்டிய பலம் குறைந்துகொண்டே வந்தது. லேசாகச் சுண்டினாலே எழுந்து வந்தது. அப்புறம் தானாகவே தாண்டியது.

மனிதரை அப்படி இழுக்க முடியாது, கூடாது. அந்தப் பெண்மணியிடம் நான் செய்தது ரொம்பச் சின்ன விஷயம். ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும், "அடுத்தது எந்த நாள், எத்தனை மணிக்கு? நீங்களே சொல்லுங்க" என்று கேட்பேன். "உங்களுக்கு எப்போ வசதியோ அப்போ மேடம்" என்பார். நான் நாளைச் சொல்லாமல் காத்திருப்பேன். அந்த மௌனம் அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது, கைப்பையின் வாரை அவர் முறுக்கிக்கொண்டிருந்ததிலேயே தெரிந்தது. முதல் தடவை கடைசியில் நானே ஒரு நாளைச் சொல்லிவிட்டேன், தாங்க முடியவில்லை. இரண்டாவது தடவை, நான் சொன்ன இரண்டு நாளில் ஒன்றைக் காட்டினார். மூன்றாவது, நான்காவது தடவையும் அப்படித்தான்.

ஐந்தாவது தடவை நாட்காட்டியை எடுத்து, "வியாழக்கிழமை வர்றீங்களா?" என்று ஆரம்பித்தேன். "வியாழன் வேண்டாம் மேடம்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் நாட்காட்டியில் வியாழனை அடித்தேன். "வெள்ளிக்கிழமை, பதினோரு மணி" என்றார்.

வணக்கம்.